பாசி உண்டாக்கும் வாயு

கல்லூரியில் இரசாயனம் பயின்றவர்கள் ஒரு சிறு வேடிக்கையைப் பார்த்திருப்பார்கள். தாமிரத் துருவலின்மேல் நீர் கலந்த நைட்ரிக் அமிலத்தை ஊற்றினால் குமிழ் குமிழாக ஒரு வாயு எழும். அதை நீரின்மேல் கவிழ்த்த ஜாடியில் பிடித்து வைத்தால், ஜாடி வெறுமையாக இருப்பதுபோலவே தோன்றும். அவ்வாயுவுக்கு நிறம் கிடையாது. மூடியை விலக்கிய கணத்திலேயே உள்ளே செம்பழுப்புப் புகை சுருள் சுருளாகப் படரும். நான் முதன்முதல் அதைப் பார்க்கக் குனிந்தபோது, "மூக்கை அருகே கொண்டு போகாதே!" என்று எங்கள் ஆசிரியர் அதட்டியது இன்னும் என் நினைவில் இருக்கிறது. நிறமற்ற அந்த வாயுதான் நைட்ரிக் ஆக்ஸைடு. ஒரு நைட்ரஜன் அணுவும் ஒரு பிராணவாயு அணுவும் சேர்ந்தது. இதைவிட எளிய கூட்டுப்பொருளைக் காண்பது அரிது. மின்னல் வெட்டும்போது வானத்தில் உண்டாவது, மோட்டார் வண்டிப் புகையில் கலந்து வருவது, மனிதருக்கு ஆகாதது என்றெல்லாம் பாடப் புத்தகங்கள் இதைப் பற்றி நெடுங்காலம் கூறி வந்தன. குளத்துப் படிக்கட்டில் கால் வழுக்கச் செய்யும் பாசி இவ்வாயுவைத் தன் உடலுக்குள்ளேயே உண்டாக்குகிறது என்று யாரேனும் அன்று சொல்லியிருந்தால், எங்கள் ஆசிரியர் நகைத்திருப்பார்.

பாசி அதை உண்டாக்குகிறது என்பது இன்று ஐயமற்ற உண்மை. ஆனால், மாணவ நண்பர்களே, உண்மையைக் காட்டிலும் அது எவ்வாறு நிலைநாட்டப்பட்டது என்ற கதையே எனக்கு அதிகச் சுவையாகப் படுகிறது. கதையின் தொடக்கமே வியப்பானது. பாசிக்கும் நைட்ரிக் ஆக்ஸைடுக்கும் உள்ள உறவு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஏற்பட்டுவிட்டது. அப்போது பாசி ஒரு புறமும் வாயு மறு புறமுமாக, எதிரெதிரே நின்றன.

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் பாதிரியாராக இருந்த ஜோசப் பிரீஸ்ட்லி 1772ஆம் ஆண்டில் இவ்வாயுவைத் தனியே பிரித்து ஆராய்ந்தார். அவர் இதற்கு இட்ட பெயர் 'நைட்ரஸ் காற்று'. இன்று நாம் நைட்ரஸ் ஆக்ஸைடு என்று வழங்குவது வேறொரு வாயு. அதற்குப் பின்னால் வருகிறேன். பிரீஸ்ட்லியின் கூரிய கண் ஒன்றைக் கவனித்தது. இவ்வாயுவைச் சாதாரணக் காற்றோடு நீரின்மேல் கலந்தால் செம்புகை எழுகிறது. அப்புகை நீரில் கரைந்துவிடுகிறது. ஆகவே ஜாடியில் உள்ள காற்றின் அளவு சுருங்குகிறது. இரண்டு பங்கு நல்ல காற்றும் ஒரு பங்கு நைட்ரஸ் காற்றும் சேர்ந்தால் மூன்று பங்கு இருக்க வேண்டுமல்லவா? எஞ்சுவதோ ஏறத்தாழ 1.8 பங்குதான். எலி மூச்சுவிட்டுக் கெடுத்த காற்றானால் அவ்வளவு சுருங்குவதில்லை. எனவே எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவு நல்ல காற்று என்று அவர் கண்டுகொண்டார். அதுவரை காற்றின் தரத்தை அறிய ஒரு சுண்டெலியை ஜாடிக்குள் விட்டு, அது எத்தனை நேரம் உயிரோடு இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. நைட்ரிக் ஆக்ஸைடு பல சுண்டெலிகளின் உயிரைக் காத்தது என்று சொன்னால் மிகையாகாது.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டிருந்தவர், 1778ஆம் ஆண்டில் தம் நீர்ப் பாத்திரங்களின் சுவரில் ஒரு பச்சைப் பொருள் படிவதையும், வெயில் பட்டால் அதிலிருந்து குமிழ்கள் எழுவதையும் கண்டார். அக்குமிழ்களைச் சேர்த்து நைட்ரஸ் காற்றோடு கலந்து பார்த்தார். சாதாரணக் காற்றைவிட மிக அதிகமாகச் சுருங்கிற்று. அதாவது அது பிராணவாயு. அந்தப் பச்சைப் பொருள்தான் பாசி. பிரீஸ்ட்லி அதை முதலில் தாவரம் என்றே ஒப்புக்கொள்ளவில்லை என்பது தனிக் கதை. 1779இல் டச்சு மருத்துவர் இங்கன்ஹவுஸ், இங்கிலாந்தின் நாட்டுப்புற வீடொன்றில் தங்கி, ஒரே கோடையில் ஐந்நூறுக்கு மேற்பட்ட சோதனைகளைச் செய்து, பச்சைப் பகுதிகள் மட்டுமே, அதுவும் வெளிச்சத்தில் மட்டுமே, காற்றைத் தூய்மை செய்கின்றன என்று நிறுவினார். அவர் பயன்படுத்திய அளவுகோலும் இதே நைட்ரிக் ஆக்ஸைடுதான். ஒளிச்சேர்க்கை என்று நாம் படிக்கும் பாடம் முழுவதற்கும் அடிக்கல் நாட்டியது இவ்வாயு என்பதைப் பாடப் புத்தகங்கள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

பின்னர் இருநூறு ஆண்டுகள் உயிரியலார் இதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கச் செய்தவை நமது இரத்தக் குழாய்கள். 1980இல் அமெரிக்காவில் ராபர்ட் பர்ச்காட் என்பவர், இரத்தக் குழாயின் உட்சுவரில் உள்ள மெல்லிய உயிரணுப் படலம் ஏதோ ஒரு பொருளை வெளியிட்டுத் தசையைத் தளரச் செய்கிறது என்று கண்டார். சில நொடிகளில் மறைந்துவிடும் அப்பொருள் யாது என்ற தேடல் ஏழாண்டுகள் நடந்தது. இறுதியில் அது நைட்ரிக் ஆக்ஸைடு என்று தெரிந்தபோது மருத்துவ உலகமே திகைத்தது. பர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூவருக்கும் 1998ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நம் உடல் இவ்வாயுவை எப்படிச் செய்கிறது? ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து, பிராணவாயுவின் உதவியோடு, ஸிந்தேஸ் என்னும் ஒரு தனி என்ஸைம் இதைச் செய்கிறது. இந்த என்ஸைமின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது பலரை அலைக்கழிக்கப் போகிறது.

விலங்குகளுக்கு உண்டென்றால் தாவரங்களுக்கும் பாசிகளுக்கும் உண்டா என்று கேட்பது இயல்பு. கேட்பது எளிது, அளப்பதுதான் கடினம். ஒரு பாசி உயிரணு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவே உள்ளது. அதற்குள் தோன்றும் வாயு சில நொடிகளில் வேறொன்றாக மாறிவிடுகிறது. நீரில் ஒரு மின்வாயை நட்டு அளக்கலாம். வெளிவரும் வாயுவை ஓஸோனோடு சேர்த்து, அப்போது தோன்றும் மங்கிய ஒளியை அளக்கலாம். அல்லது நைட்ரிக் ஆக்ஸைடு பட்டால் ஒளிரும் சாயத்தை உயிரணுவுக்குள் செலுத்தி நுண்பெருக்கியில் பார்க்கலாம். இவற்றுள் மூன்றாவது மிக அழகானது. பச்சையாக மினுக்கும் உயிரணுக்களின் படங்களைக் கண்டு மயங்காதவர் இல்லை. ஆனால் அதே சாயம் நைட்ரிக் ஆக்ஸைடு இல்லாதபோதும் வேறு சில பொருள்களால் ஒளிர்வதுண்டு. அழகான படம் ஒன்றை மட்டும் காட்டி முடிவு கூறும் கட்டுரையை நான் சற்று ஐயத்தோடுதான் படிப்பேன்.

இனி, பாசி இதை எவ்வழியில் செய்கிறது என்று பார்ப்போம். பாசிக்கு நைட்ரஜன் நீரில் கரைந்த நைட்ரேட்டு வடிவில் கிடைக்கிறது. நைட்ரேட்டில் ஒரு நைட்ரஜன் அணுவுக்கு மூன்று பிராணவாயு அணுக்கள். பாசி அதில் ஒன்றைக் கழற்றினால் இரண்டு அணுக்களுள்ள நைட்ரைட்டு கிடைக்கிறது. வானொலியில் கேட்கும்போது நைட்ரேட்டும் நைட்ரைட்டும் ஒன்றுபோல் ஒலிக்கும். மூன்று, இரண்டு என்று எண்ணிக்கையை நினைவில் கொண்டால் குழப்பம் இராது. வழக்கமாக நைட்ரைட்டு பச்சையம் நிறைந்த பகுதிக்குள் சென்று, ஒளிச்சேர்க்கை தரும் எலெக்ட்ரான்களைப் பெற்று, அம்மோனியாவாகிப் பின் புரதமாகிவிடும். அது பெருவழி. ஆனால் நைட்ரைட்டிலிருந்து இன்னும் ஒரே ஒரு அணுவை மட்டும் கழற்றினால் என்ன ஆகும்? ஒன்றுக்கு ஒன்று, அதுவே நைட்ரிக் ஆக்ஸைடு. பெருவழியிலிருந்து பிரியும் சந்து இது.

இந்தச் சந்தைத் தொடக்கத்திலேயே கண்டவர்களுள் நம் நாட்டவர் இருந்தனர் என்பதைச் சொல்ல எனக்கு மகிழ்ச்சி. நிருபமா மல்லிக், காசி இந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல். சி. ராய் ஆகியோர் ஜெர்மானிய அறிஞர்களோடு சேர்ந்து, ஸீனெடெஸ்மஸ் என்னும் பச்சைப் பாசியும், அனபீனா என்னும் நீலப்பச்சைப் பாசியும் நைட்ரிக் ஆக்ஸைடை உண்டாக்குகின்றன என்று 1999ஆம் ஆண்டில் எழுதினர். மறு ஆண்டே, ஸீனெடெஸ்மஸில் இவ்வாயு வருவது விலங்குகளின் ஸிந்தேஸ் வழியால் அன்று, நைட்ரைட்டின் வழியால்தான் என்பதற்கும் சான்று காட்டினர்.

எனினும் எந்த என்ஸைம் செய்கிறது? 2002இல் ஜப்பானைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கிளமிடோமோனாஸ் என்னும் பாசியை எடுத்துக்கொண்டனர். இரண்டு சவுக்குகளால் நீந்தும் ஓருயிரணுப் பாசி இது. தாவரவியல் மாணவர்கள் படம் வரைந்து பழகியிருப்பார்கள். இருட்டில் வைத்து நைட்ரைட்டைக் கொடுத்தனர். மின்வாயில் நைட்ரிக் ஆக்ஸைடு தென்பட்டது. விளக்கைப் போட்டனர், வாயு அடங்கிற்று. வெளிச்சத்தில் பெருவழி திறந்துவிடுவதால் நைட்ரைட்டு சந்துக்குள் போகவில்லை என்று பொருள். இதைச் சோதிக்க, வெளிச்சத்தை எரியவிட்டபடியே ஒளிச்சேர்க்கையை மட்டும் ஒரு நஞ்சால் தடுத்தனர். வாயு மீண்டும் தோன்றியது. அடுத்து, நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கும் ரிடக்டேஸ் என்னும் என்ஸைம் பிறவியிலேயே இல்லாத கிளமிடோமோனாஸ் வகை ஒன்றைக் கொண்டு வந்தனர். அதற்கு எவ்வளவு நைட்ரைட்டு கொடுத்தும் வாயு வரவில்லை. ஐயப்பட்ட ஒருவனை ஊரிலிருந்து அப்புறப்படுத்தியதும் திருட்டு நின்றுபோனால் எப்படி நினைப்போமோ அப்படி, ரிடக்டேஸ்தான் இதைச் செய்கிறது என்று முடிவு கட்டினர்.

முடிவு சரிதான், ஆனால் முழுவதும் அன்று. ரிடக்டேஸுக்கு நைட்ரேட்டின்மேல்தான் முதல் நாட்டம். நைட்ரேட்டு மிகுந்திருக்கும்போது அது நைட்ரைட்டைத் தீண்டுவதில்லை. உயிருள்ள பாசியிலோ நைட்ரேட்டு இருக்கும்போதும் வாயு உண்டாகிறது. இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் ஸ்பெயின் நாட்டில் கார்டோபாவில் உள்ள ஆய்வாளர்கள். ரிடக்டேஸுக்கு ஒரு கூட்டாளி உண்டென்றும், ரிடக்டேஸ் எலெக்ட்ரான்களை மட்டும் அதன் கையில் கொடுக்க, அக்கூட்டாளியே நைட்ரைட்டை நைட்ரிக் ஆக்ஸைடாக்குகிறது என்றும் 2016இல் அவர்கள் காட்டினர். திருடனுக்கு ஏணி பிடித்தவனைத்தான் முதலில் பிடித்திருந்தோம்!

எதற்காகப் பாசி இவ்வளவு பாடுபட வேண்டும்? ஒரு பயன் தெளிவாகியிருக்கிறது. உண்டாகும் நைட்ரிக் ஆக்ஸைடு, வெளியிலிருந்து நைட்ரேட்டை உள்ளிழுப்பதையும் ரிடக்டேஸின் வேலையையும் குறைக்கிறது. பண்டம் மிகுந்துவிட்டால் வாயிற்கதவைச் சாத்தும் காவலாள்போல் இது நடந்துகொள்கிறது. பின்னர் கதவைத் திறக்கவும் வழியுண்டு. நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினின் உறவினரான ஒரு சிறு புரதம் கிளமிடோமோனாஸில் இருக்கிறது. அது நைட்ரிக் ஆக்ஸைடைப் பிடித்து மீண்டும் நைட்ரேட்டாக்கிவிடுகிறது. குருதியே இல்லாத பாசிக்குள் ஹீமோகுளோபினுக்கு என்ன வேலை என்று கேட்பவருக்கு இது ஒரு நல்ல விடை.

இப்போது ஸிந்தேஸுக்கு வருவோம். விலங்குகளின் அந்த என்ஸைம் தாவரங்களிலும் எங்கோ மறைந்திருக்கும் என்று பலர் நம்பினர். 2003ஆம் ஆண்டில் அது கிட்டிவிட்டதாக இரண்டு அறிக்கைகள், புகழ்பெற்ற இதழ்களில் வெளிவந்தன. ஒன்று மறு ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. மற்றொன்றில் கூறிய புரதம் நைட்ரிக் ஆக்ஸைடை உண்டாக்கவில்லை என்பது 2006க்குள் தெளிவாயிற்று. பெயரையே மாற்ற வேண்டி வந்தது. நாம் எதைத் தேடுகிறோமோ அது கண்ணில் படுவதுபோல் தோன்றுவது அறிவியலிலும் உண்டு.

பெரிய தாவரங்களில் கிடைக்காதது, மிகச் சிறிய ஒன்றில் கிடைத்தது. பிரான்ஸின் தென்கரையில் தோ என்னும் உப்பங்கழி இருக்கிறது. அந்நீரில் 1994ஆம் ஆண்டில் ஆஸ்ட்ரியோகாக்கஸ் டாரி என்னும் பச்சைப் பாசி கண்டுபிடிக்கப்பட்டது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த அளவுடையது. உட்கருவுடன் தனித்து வாழும் உயிர்களில் இதைவிடச் சிறியது அறியப்படவில்லை. அதன் மரபுச் செய்தி படிக்கப்பட்டபோது, மனிதனின் ஸிந்தேஸை ஒத்த ஒரு ஜீன் அங்கே இருந்தது. அர்ஜென்டினாவில் மார் டெல் பிளாட்டா நகரத்து ஆய்வாளர்கள் ஒப்புமையைக் கண்டு நின்றுவிடவில்லை. அந்த ஜீனை ஒரு பாக்டீரியாவுக்குள் வைத்து, புரதத்தைப் பிரித்தெடுத்து, அது ஆர்ஜினினிலிருந்து நைட்ரிக் ஆக்ஸைடை உண்டாக்குகிறது என்று சோதித்த பிறகே 2010இல் வெளியிட்டனர். கிளமிடோமோனாஸ் இருட்டில் உண்டாக்க, இப்பாசி கடும் வெளிச்சத்தில் மிகுதியாக உண்டாக்குகிறது. பாசி என்ற ஒரே பெயரை எத்தனை வேறுபட்ட உயிர்களுக்கு இட்டிருக்கிறோம் என்பதை இது காட்டுகிறது. 2016இல் பிரெஞ்சு ஆய்வாளர் குழுவொன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட நிலத் தாவரங்களின் மரபுச் செய்திகளைத் துருவிப் பார்த்தது. ஒன்றிலும் ஸிந்தேஸ் இல்லை. 265 பாசியினங்களில் 15இல் மட்டுமே இருந்தது.

கடலுக்குப் போனால் இதே வாயு வேறொரு பொறுப்பை ஏற்றிருக்கிறது. கண்ணாடிப் பேழைபோன்ற மணற்சத்து ஓடுகளுக்குள் வாழும் டயாட்டம் என்னும் பாசிகள், உலகத்து ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைச் செய்பவை. கடலில் உள்ள மீன்களின் உணவு பெரும்பாலும் இவற்றில்தான் தொடங்குகிறது. ஒரு டயாட்டம் உடைபட்டால் அதன் கொழுப்பிலிருந்து ஆல்டிஹைடு என்னும் காரப்பொருள் வெளிப்படுகிறது. அதை மேய வரும் சிறு கடலுயிரின் முட்டைகளை அது பாழாக்கும். ஆனால் அருகில் நல்ல நிலையில் இருக்கும் டயாட்டங்கள் என்ன ஆகின்றன? 2006இல் வார்டி என்பாரும் அவர் தோழர்களும் இதைச் சோதித்தனர். ஆல்டிஹைடு பட்டதும் உயிரணுவுக்குள் கால்சியம் உயர்கிறது. தொடர்ந்து நைட்ரிக் ஆக்ஸைடு பொங்குகிறது. ஆல்டிஹைடு சிறிதளவானால், பட்ட டயாட்டம் பின்னர் வரும் பெரிய தாக்குதலைத் தாங்கப் பழகிக்கொள்கிறது, அம்மை குத்திக்கொண்ட குழந்தையைப்போல. ஒரு வரம்புக்கு மேற்பட்டதானால், அதே நைட்ரிக் ஆக்ஸைடின் வழியே உயிரணு மடிகிறது. ஆயிரக்கணக்கான சதுர மைல் பரப்பில் கடலைப் பழுப்பாக்கிய டயாட்டப் பெருக்கம் ஒன்று திடீரென்று சரிந்து மறையும்போது, இந்தச் சிறு வாயுவும் அதில் கை கொடுத்திருக்கக்கூடும் என்பது அவர்கள் கருத்து. சாயத்தின் ஒளியைப் பார்த்து அறிந்ததல்லவா என்று நீங்கள் இப்போது கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதனாலேயே அவர்கள் நைட்ரிக் ஆக்ஸைடை வெளியிடும் மருந்தையும் தனியே கொடுத்துப் பார்த்தனர். டயாட்டங்கள் அப்போதும் மடிந்தன.

பாசியல்லாத ஒளிச்சேர்க்கை நுண்ணுயிர்களும் உண்டு. ரோடோபாக்டர் என்னும் ஊதா நிற பாக்டீரியாவின் சில வகைகள், காற்றில்லாச் சேற்றில், தாமிரம் கொண்ட ஓர் என்ஸைமால் நைட்ரைட்டை நைட்ரிக் ஆக்ஸைடாக்குகின்றன. அவற்றுக்கு இது மூச்சுவிடுவது போன்றது: பிராணவாயு கிட்டாத இடத்தில் நைட்ரைட்டே அதற்கு மாற்று.

முன்பு ஒதுக்கி வைத்த நைட்ரஸ் ஆக்ஸைடு எஞ்சியிருக்கிறது. மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கி வந்தோமல்லவா? அடுத்த படி அரை: இரண்டு நைட்ரஜனுக்கு ஒரு பிராணவாயு அணு. பல் மருத்துவர்கள் சிரிப்பு வாயு என்பது இதுவே. சிரிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 273 மடங்கு பூமியைச் சூடாக்க வல்லது. ஓஸோன் படலத்தையும் அரிப்பது. பாசி தன்னிடம் மிகுந்த நைட்ரிக் ஆக்ஸைடைக் கழிக்க இதையும் ஒரு வழியாகக் கொண்டிருக்கிறது. கிளமிடோமோனாஸ் இருட்டில் ஓர் என்ஸைமாலும், வெளிச்சத்தில் ஒளிச்சேர்க்கையின் எலெக்ட்ரான்களைப் பெறும் வேறொரு புரதத்தாலும் இதைச் செய்கிறது என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2020இல் விளக்கினர். பிற பாசிகளைப் பார்த்தபோது, வெளிச்சத்தில் நைட்ரஸ் ஆக்ஸைடை விடுபவை பெரும்பாலும் அந்தப் புரதத்தை உடையவையே.

நகரத்துக் கழிவு நீரில் நைட்ரேட்டும் நைட்ரைட்டும் ஏராளம். அந்நீரைக் குட்டைகளில் தேக்கி, பாசி வளர்த்துத் தூய்மை செய்வது மிக நல்ல ஏற்பாடு. மின்சாரம் மிச்சம், பாசியும் எருவாகும். ஆயினும் அக்குட்டையில் எந்தப் பாசி வளர்கிறது, அது பகலில் எதை விடுகிறது, பொழுது சாய்ந்தபின் எதை விடுகிறது என்று நீரின்மேல் ஒரு கூண்டைக் கவிழ்த்து இரவும் பகலும் அளந்த பிறகே அதைப் பெருமளவில் பரப்ப வேண்டும் என்பது என் கருத்து.